இன்னொரு வீட்டுக்குப் போகப்போகும் நாய்

மீட்கப்பட்ட தெருநாய்களைத் தத்துப் போகும்வரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் வேலையைச் சென்னையில் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். எங்களுடையது அடுக்குமாடிக் குடியிருப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் தும்மினாலும் கேட்கும். சொந்த நாயைப் பழக்குவதற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. நான் சொல்லிக்கொடுப்பது நாளை யாரோ ஒருவர் வீட்டில் பயன்பட வேண்டும். வாங்கிய பொருள்களையும் பழகிய முறைகளையும் அதை வைத்தே எடைபோடுகிறேன்.

கிளிக்கர், அதாவது அழுத்தினால் ‘டிக்’கென்று ஒலிக்கும் சிறு கைக்கருவி, நல்ல கருவிதான். நாய் உட்கார்ந்த நொடியிலேயே சொடுக்கி உடனே தீனி கொடுத்தால், எதற்குப் பரிசு கிடைத்தது என்பது அதற்குச் சட்டென்று பிடிபடும். ஆனால் தத்தெடுக்கும் குடும்பங்கள் அதைச் சீக்கிரமே மேசை இழுப்பறையில் போட்டுவிடுகின்றன. ஆகவே சொடுக்கும் ஒலிக்குப் பதிலாக ‘சபாஷ்’ என்று சொல்லத் தொடங்கினேன். கட்டளைகளையும் கையசைவில்தான் ஆரம்பிக்கிறேன். தெலுங்கு பேசும் வீட்டுக்குப் போனாலும் இந்தி பேசும் வீட்டுக்குப் போனாலும் உள்ளங்கையை உயர்த்தினால் உட்காரும். பரிசு, உப்பில்லாமல் வேகவைத்த கோழி, பட்டாணி அளவு. (பாயசத்திலிருந்து உலர்திராட்சையை எடுத்துப் போடும் பாசக்காரர்கள் கவனிக்க: திராட்சை நாய்க்கு நஞ்சு.)

செலவழித்ததில் வீண்போகாதது ஹார்னெஸ், அதாவது கழுத்துக்குப் பதிலாக மார்பைச் சுற்றி மாட்டும் வார். நம் நாட்டு நாய்களுக்குத் தலை ஒடுக்கம். மிரண்டால் பின்பக்கமாக இழுத்துக் கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். புதிதாக வந்த நாய்க்குப் பட்டை, ஹார்னெஸ் இரண்டையும் மாட்டி, இரண்டிலும் கயிற்றைக் கோத்தே வெளியே அழைத்துப் போகிறேன்.

இனி குரைப்பு. வந்த புதிதில் பல நாய்கள் வாயே திறப்பதில்லை. அமைதியான நாய் என்று அப்போதே விளம்பரம் எழுதிவிடக் கூடாது. இது நம் வீடு என்ற துணிச்சல் வந்த பிறகுதான் குரைப்பு தொடங்கும். பால்கனியில் நின்று தெருவைப் பார்த்துக் குரைக்கும் நாய்க்கு ஒவ்வொரு முறையும் வெற்றிதான். கூரியர்காரர் தன் வழியில் போகிறார். தானே விரட்டியதாக அது நினைத்துக்கொள்கிறது. கம்பியின் கீழ்ப்பாதியில் பச்சை நிழல்வலையைக் கட்டியதும் பாதிச் சத்தம் அடங்கியது. எந்தப் பயிற்சியும் இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தந்ததில்லை.

அழைப்பு மணிக்கு வேறு வழி. மணியோசையைக் கைபேசியில் பதிந்து, மிக மெதுவாக ஒலிக்கவிட்டு, தரைவிரிப்பில் தீனியைப் போடுவேன். ஒலியைச் சிறிது சிறிதாகக் கூட்டினால், மணி அடித்ததும் விரிப்புக்கு ஓடுவது பழக்கமாகிவிடும். கவனம் கேட்டுக் குரைப்பதைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும். முதலில் குரைப்பு கூடும், பிறகுதான் குறையும். நடுவில் ஒருவர் இளகிவிட்டால், விடாமல் குரைத்தால் கிடைக்கும் என்பதே பாடமாகிவிடும். என் மாமியாரின் மேரி பிஸ்கட்டை எதிர்த்து நான் இன்னும் வெல்லவில்லை.

தனியே விட்டதும் எச்சில் ஒழுக, கதவைப் பிராண்டிக் கத்தும் நாயின் கதை வேறு. அது பயம்; கண்டுகொள்ளாமல் விட்டால் முற்றும். சில நொடிகள் வெளியே போய்த் திரும்புவதில் தொடங்கி, அது தாங்கும் அளவுக்குத்தான் நேரத்தை நீட்ட வேண்டும். சிலவற்றுக்குக் கால்நடை மருத்துவரின் மருந்தும் தேவைப்படும்.

குரைத்தால் கீச்சொலி எழுப்பும் கருவி ஒன்றையும் வாங்கிப் பார்த்தேன். தைரியசாலிகளுக்கு அது சீக்கிரமே பழகிவிட்டது. கோழை ஒன்று கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வர மறுத்தது. பரிந்துரைக்க மாட்டேன். மின்னதிர்ச்சிப் பட்டையைத் தொடவே இல்லை.

குடியிருப்போர் சங்கத்தோடு வாக்குவாதம் வரும். குரைப்பைக் காரணம் காட்டி நாய்களுக்குத் தடைபோட முடியாது என்கிறது இந்திய விலங்கு நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல். இரவில் நாயை அமைதியாக வைத்திருக்கும்படி வளர்ப்பவரையும் அதுவே கேட்டுக்கொள்கிறது. இரண்டாவது பகுதியையும் நாமே முந்திக்கொண்டு படித்துக்காட்டினால் பேச்சு சுமுகமாகப் போகும்.

ஒப்படைக்கும் நாளில் கையசைவுகளைப் படம்பிடித்து அனுப்பிவிடுகிறேன். விரிப்பையும் நாயோடு கொடுத்துவிடுகிறேன், துவைக்காமல். முகம் சுளிப்பவர்களிடம், ஒரு மாதம் கழித்துத் துவைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன்.