துடைத்துக் கொடுத்துவிட்டார்கள்: என் 50 எம்எம் லென்ஸ், ஒன்பது வருடம் கழித்து

போன செவ்வாய்க்கிழமை லென்ஸ் ரிப்பேர் முடிந்து வீட்டுக்கு வந்தது. அன்று ராத்திரியே பட்டர்வொர்த் தம்பி ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டார்: "அண்ணே, செகண்ட் ஹேண்ட் 50 எம்எம் ஒன்னு முந்நூறு வெள்ளிக்கு வருது, எடுக்கலாமா?" போன மாதம் கேட்டிருந்தால் யோசிக்காமல் எடுங்க தம்பி என்றிருப்பேன். இப்போது நாலு நாளாகப் பதில் போடாமல் வைத்திருக்கிறேன். அவருக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லென்ஸைப் பற்றி உங்களுக்கே தெரியும். எஃப் 1.8 (வெளிச்சம் நுழையும் துளையின் அளவு, எண் சின்னதானால் துளை பெரிது), உள்ளே ஆறு கண்ணாடி, பிளாஸ்டிக் உடம்பு, கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி கிடையாது. பெரிய கேமரா கம்பெனிகள் பலவற்றிடமும் இந்த ரகத்தில் ஒன்று உண்டு, அதனால் பெயர் வேண்டாம். 2016-இல் பழையதாக 280 வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, வாங்கினேன். என் கேமரா கிராப் சென்சார், அதாவது படம் பதியும் சில்லு சின்னது, அதில் 50 எம்எம் கிட்டத்தட்ட 75 எம்எம் மாதிரி நெருக்கிக் காட்டும். கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸை ஸூம் பண்ணினால் 5.6-இல் நிற்குமே, அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை இது உள்ளே விடும். கோயிலுக்குள் படம் எடுப்பவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். ஆட்டோஃபோகஸ். வெளிச்சம் கொஞ்சம் குறைந்தால் போதும், கர்ர்ர் என்று ஒரு முனைக்கு ஓடும், கர்ர்ர் என்று மறுமுனைக்குத் திரும்பும், நடுவில் எங்கேயும் நிற்காது. ஒரு கல்யாணத்தில் கெட்டிமேளம் அடித்தாகிவிட்டது, அட்சதை பறக்கிறது, மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்துக்குப் போய்விட்டது, இது ஓடிக்கொண்டே இருக்கிறது. ஷட்டர் விழுந்தபோது மூன்றாவது முடிச்சும் முடிந்திருந்தது. பெண்ணின் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது. அதோடு கல்யாண வேலைக்கு வேறு லென்ஸ் வாங்கிவிட்டேன். இது எனக்கே எனக்கான படங்களுக்கு மட்டும் என்று ஆனது. இந்த லென்ஸ் செய்த முதல் நல்ல காரியம் அது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

ஏனென்றால் கல்யாண வேலை முழுக்க விதிதான். படச் சட்டத்தின் ஓரம் ஆளை மணிக்கட்டிலும் முழங்காலிலும் வெட்டக் கூடாது. இரண்டு கண்ணும் கூர்மையாக இருக்கட்டும். ஜரிகை வெளுத்துப் போகாமல் பார்த்துக்கொள். தலைக்குப் பின்னால் கம்பம் முளைக்கக் கூடாது. இதையெல்லாம் நான் மதிக்கிறேன், என் வீட்டு அரிசி அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த லென்ஸை மட்டும் மாட்டிக்கொண்டு பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் போகும்போது என்னிடம் எதையும் கேட்க யாரும் இல்லை.

முதல் விதியை நானாக உடைக்கவில்லை, இடம் உடைக்க வைத்தது. குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் பக்கம், கடைவீட்டுக் காக்கி லீமாவில், அதாவது கடைமுன் நடைபாதையில், பூ கட்டும் அக்கா ஒருவர். லென்ஸ் நெருக்கிக் காட்டுகிறது, அவர் முழுசாகச் சட்டத்துக்குள் வரமாட்டேன் என்கிறார். பின்னால் நகரலாம் என்றால் லோங்காங் என்கிற சாக்கடை, அதற்கு அப்பால் மோட்டார் சைக்கிள்கள். நின்ற இடத்திலேயே எடுத்தேன். தாடையில் பாதி, பல்லில் கடித்த நூல், மல்லிகையை இரண்டிரண்டாக வைத்து முடிச்சுப் போடும் விரல்கள், அவ்வளவுதான் விழுந்தது. நெற்றி இல்லை, கண் இல்லை. வீட்டுக்கு வந்து திரையில் பார்த்தபோது அந்த விரல்களை விட்டு என்னால் எழுந்து போக முடியவில்லை. முழு முகமும் விழுந்திருந்தால் நான் முகத்தைத்தான் பார்த்திருப்பேன், பூ கட்டும் கையைப் பார்த்திருக்க மாட்டேன்.

இனி லென்ஸுக்குள் படிந்த பனிமூட்டத்துக்கு வருகிறேன்.

வாங்கி மூன்று வருடம் இருக்கும். படங்களில் விளக்குகளைச் சுற்றி ஒரு மெல்லிய ஒளி கசிய ஆரம்பித்தது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். நடுக்கண்ணாடியில் சிலந்தி நூல் மாதிரி மெல்லிய கிளைகள், இடது ஓரத்தில் அடர்த்தியாக. அதன்மேல் அடுப்பங்கரை ஜன்னலில் படியுமே, அது மாதிரி ஒரு எண்ணெய்ப் படலம். நம் ஊர் ஈரப்பதத்துக்கு இது எல்லா லென்ஸுக்கும் வரக்கூடியதுதான். தூசியையும் பிசுக்கையும் தின்று பூஞ்சை வளரும், ஃபோகஸ் திருகில் போட்ட எண்ணெய் சூட்டில் ஆவியாகிக் கண்ணாடியில் படியும். டிரை கேபினட்டில் 40, 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருந்தால் பூஞ்சையாவது வந்திருக்காது. நான் துணிப்பையில் போட்டு அலமாரியில் வைத்திருந்தேன்.

பூஞ்சை வெளிச்சத்தைச் சிதறடிக்கும். வெயில் முதுகுப் பக்கம் இருந்தால் படத்தில் ஒன்றும் தெரியாது. வெயிலைப் பார்த்து எடுத்தால், கதவையோ ஜன்னலையோ பின்னால் வைத்து எடுத்தால், கறுப்பு சாம்பலாகக் கரையும், விளிம்பெல்லாம் பால் ஊற்றின மாதிரி ஆகும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடு என்பது எல்லோரும் முதல் நாள் படிக்கும் பாடம். இந்த லென்ஸில் அப்படி எடுத்தால் சாதாரணப் படம் வரும், மாற்றி எடுத்தால்தான் அது பேசும். எங்கே பூஞ்சை அடர்த்தி என்று எனக்கு மனப்பாடம். கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பினால் ஒளி எந்தப் பக்கம் ஒழுகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆறு வருடப் பழக்கம்.

ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் எங்கள் வாசல் கிழக்குப் பார்த்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை அம்மா கற்பூரத் தட்டோடு வாசலுக்கு வந்தார். கேமராவின் வெளிச்ச மீட்டர் சொன்னதைவிட இரண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு வெளிச்சம், கூட்டி வைத்தேன். கேமரா மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தர சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடும். வெளிச்சமான வாசலில் நம் நிறத்து ஆள் நின்றால், அது வாசலைக் காப்பாற்றிவிட்டு முகத்தைக் கரியாக்கிவிடும். வெளிச்சப் பகுதியைக் காப்பாற்று என்கிற விதியைக் கேட்டுக் கேட்டு எத்தனை வருடம் நம் அம்மாக்களின் முகங்களை இருட்டில் விட்டிருக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வரும். வாசல் போகட்டும், வெள்ளையாகப் போகட்டும். போனது. அம்மாவின் நரைமுடியிலிருந்து வெளிச்சம் வழிந்து கன்னம் வரை வந்தது. அவர் சட்டத்தின் இடது ஓரத்தில், பாதி முகம் வெளியே. மீதி முழுக்க வெறும் வெள்ளை, அதில் கற்பூரப் புகை ஒரு கீற்று.

அம்மா பார்த்துவிட்டு, "யாருப்பா இது, ஆவி மாதிரி? மூஞ்சியைப் பாதி வெட்டிட்டியே" என்றார். ஒரு போட்டிக்கு அனுப்பினேன். மூன்றில் ஒரு பங்கு விதி (சட்டத்தை மூன்று பங்காகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோட்டில் வைப்பது) இல்லை, வெளிச்சம் வெளுத்துவிட்டது, ஃபோகஸ் கண்ணில் இல்லை என்று நடுவர் வரிசையாக எழுதி அனுப்பினார். எல்லாம் உண்மை. அந்த மூன்றில் ஒரு பங்கு விதிக்குப் பெயர் வைத்து எழுதியவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்கிற ஆங்கிலேய ஓவியர், 1797-இல், நாட்டுப்புறக் காட்சி ஓவியங்களைப் பற்றி எழுதும்போது. அப்போது புகைப்படம் என்பதே கிடையாது. மரமும் வானமும் எத்தனை பங்கு என்று அவர் யோசித்தது நல்ல யோசனைதான், பல நாள் எனக்கும் உதவியிருக்கிறது. ஆயர் ஈத்தாம் வாசலில் நிற்கும் அம்மாவுக்கு அது எதற்கு என்றுதான் எனக்கு விளங்கவில்லை. படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு என் மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். யாருக்கும் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் ஜூலியா மார்கரெட் கேமரனைப் பற்றிப் படித்தேன். கல்கத்தாவில் பிறந்தவர். 1863-இல், 48 வயதில், மகள் கொடுத்த கேமராவில் ஆரம்பித்தார். ஃபோகஸ் இல்லை, கறை படிந்திருக்கிறது என்று அந்தக் காலத்துப் புகைப்படக்காரர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். ஃபோகஸ் பண்ணிக்கொண்டே வரும்போது தன் கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்தில் நிறுத்திக்கொண்டதாகவும், மற்றவர்கள் மாதிரி மேலும் கூர்மையாக்கத் திருகவில்லை என்றும் அவர் எழுதி வைத்திருக்கிறார். 1875-இல் இலங்கைக்குப் போய் அங்கே தோட்டத்தில் வேலை செய்தவர்களையும் படம் எடுத்தார். அந்தப் படங்களில் இருக்கும் முகங்கள் நம் தாத்தா பாட்டியின் முகங்கள் மாதிரி இருக்கின்றன. ராத்திரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷட்டர் வேகத்துக்கும் ஒரு விதி உண்டு, கையில் பிடித்து எடுத்தால் இந்த லென்ஸுக்கு 1/80 வினாடிக்குக் கீழே போகாதே என்று. தைப்பூசத்துக்கு முதல் நாள், பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பி தண்ணீர்மலைப் பக்கம் செட்டியார் கோயிலுக்குப் போகும் வழியில், 1/8-இல் வைத்தேன். ஆட்டோஃபோகஸ் எப்படியும் வேலை செய்யாது, கையாலேயே திருகினேன். தேங்காய் தரையில் பட்டுத் தெறித்த நீர் வெள்ளைக் கோடுகளாக இழுபட்டது. பூட்ஸ் போட்டு ஓடு வாரும் ஆட்கள் கரைந்து போனார்கள், ரதத்தின் விளக்குகள் பூஞ்சையில் பட்டுப் பூத்தன. கூர்மையாக ஒரு புள்ளிகூட இல்லை. ஆனால் அந்த இடத்தில் நிற்பவன் காதில் கேட்கும் சத்தம் அதில் இருக்கிறது.

இந்த வருடம் மோட்டார் அடியோடு நின்றது. ஃபோகஸ் வளையமும் சிக்கிக்கொண்டது, கையால்கூடத் திருக முடியவில்லை. கோலாலம்பூரில் ஒரு கடைக்கு அனுப்பினேன். வயதான சீனத் தவுக்கே, அதாவது கடை முதலாளி, நல்ல வேலைக்காரர். பத்து நாளில் போன் பண்ணினார். மோட்டார் மாற்றியாச்சு, 150 வெள்ளி, உள்ளே நிறையக் குலாட் (பூஞ்சை) இருந்தது, திறந்தது திறந்ததுதானே என்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டேன், அதற்குக் காசு வேண்டாம் என்றார். இடது ஓரத்தில் கண்ணாடியின் மேல்பூச்சைப் பூஞ்சை அரித்த தடம் லேசாக இருக்கிறது, அது மட்டும் போகாது, மன்னிக்கணும் என்றும் சொன்னார்.

நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்? துடைக்காதீங்க என்று நான்தான் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். லென்ஸைத் துடைக்காதே என்று யாராவது சொல்வார்கள் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? நியாயம் முழுக்க அவர் பக்கம். ஆனாலும் பெட்டியைப் பிரித்து, டார்ச் அடித்து, கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிந்து கிடந்த கண்ணாடியைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அதே வாசல், அதே ஏழரை மணி, அம்மாவை நிற்க வைத்து எடுத்தேன். கர்ர்ர் சத்தமே இல்லை, சட்டென்று கண்ணில் போய் நின்றது. ஒவ்வொரு நரைமுடியும் தனித்தனியாக, கதவு பெயிண்டில் வெடிப்பு, எதிர்வீட்டுச் செருப்பு ஸ்டாண்டு, அதில் ஒரு பள்ளிக்கூடச் சப்பாத்து. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுதான்பா படம்."

பழையது மாதிரி கொண்டுவர மூன்று வழி முயன்றேன். லென்ஸுக்கு முன்னால் மாட்டும் மிஸ்ட் ஃபில்டர் எல்லா விளக்கையும் ஒரே மாதிரி மினுக்குகிறது, எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே மினுக்கம். யூவி ஃபில்டரில் வாஸ்லின் தடவினால் ஓரங்கள் மட்டும் குழைகின்றன. வாயால் ஊதி ஆவி பிடித்தால் முதல் நாலு வினாடி ஓரளவு கிட்டே வருகிறது, அதற்குள் காய்ந்துவிடுகிறது. காலை முழுக்க ஊதிப் பார்த்தேன்.

ஆக, தம்பிக்கு: நல்ல லென்ஸ். முந்நூறு நியாயமான விலை. உள்ளே டார்ச் அடித்துப் பாருங்க, ஃபோகஸ் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுப் பாருங்க. கல்யாண வேலைக்கு வேண்டாம், கோயிலுக்குத் தாராளமாக எடுக்கலாம். இந்தக் காசுக்கு இவ்வளவு வெளிச்சம் வேறு எதிலும் கிடைக்காது. ஆனால் என்னிடம் இன்றைக்குக் கேட்டால், வேண்டாம் என்பேன். சுத்தமான 50 எம்எம் லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கே தெரியவில்லை.

டிரை கேபினட்டில் மற்ற லென்ஸ்கள் இருக்கின்றன. இதை மட்டும் வெளியே எடுத்து, மூடிகளைக் கழற்றி, அடுப்பங்கரையில் அரிசிப் பானைக்கு மேலே உள்ள தட்டில் வைத்திருக்கிறேன். அம்மா காலையில் இட்லி வேக வைக்கும்போது ஆவி அந்தப் பக்கம்தான் போகும். போன தடவை மூன்று வருடம் ஆனது.