பேண்ட்சா பிளேடு தீட்டும் ஆட்டோமேட்டிக் மெஷின்: மரவாடிக்காரர்கள் வாங்கலாமா?

'ஆள் சம்பளம் மிச்சம்' என்று சொல்லித்தான் இந்த மெஷினை விற்கிறார்கள். கடலூர் பக்கம் மரவாடி வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள், வாங்காதவர்கள் உட்பட. நான் வாங்கி ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டேன், ஆள் சம்பளத்தில் ஒரு பைசா மிச்சமில்லை. மிச்சமானது பிளேடு. அதை யாரும் சொல்லி விற்பதில்லை, நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

எந்த மெஷின் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மரம் அறுக்கிற மில்லில் ஓடும் பேண்ட்சாவின் அகல பிளேடு, 4 அங்குலம் 5 அங்குலம் அகலத்தில் 20 அடிக்கு மேல் நீளமாக, இரண்டு முனையையும் வெல்டு வைத்து வளையமாக வருமே, அதன் பல்லை ஒவ்வொன்றாகத் தானே நகர்த்தித் தானே சாணை பிடிக்கிற மெஷின். ஜிஎஸ்டி 18 சதவீதம், லாரி வாடகை எல்லாம் சேர்த்து எனக்கு லட்சத்தை ஒட்டி வந்தது. கம்பெனி பெயர் வேண்டாம், எந்த ஊர் மெஷினைத் திறந்து பார்த்தாலும் உள்ளே நடக்கிற வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். பெயின்ட் நிறமும், ஸ்டாண்டு எத்தனை கனமாக இருக்கிறது என்பதும்தான் மாறும்.

உள்ளே நடப்பது இதுதான். ஒரு மோட்டார் கல்லைச் சுற்றுகிறது. இன்னொரு சின்ன மோட்டார் கியர் வழியாக ஒரு தண்டை மெதுவாகச் சுற்றுகிறது, அந்தத் தண்டில் கேம், அதாவது ஒரு பக்கம் புடைத்த சக்கரம், இருக்கிறது. கேம் ஒரு சுற்று சுற்றும்போது கல் இருக்கும் தலை ஒருமுறை கீழே இறங்கி மேலே ஏறும். அதே சுற்றில் ஒரு இரும்பு விரல் வந்து பல்லைப் பிடித்து ஒரு பல் தூரம் தள்ளிவிட்டுத் திரும்பும். கல் இறங்கும்போது பல்லின் முன்முகத்தைத் தேய்த்துக்கொண்டே அடிப்பள்ளத்துக்குப் போகும், ஏறும்போது பிளேடு நகர்ந்துகொண்டே இருப்பதால் அடுத்த பல்லின் முதுகைத் தேய்த்துக்கொண்டே வெளியே வரும். இறக்கமும் நகர்வும் சேர்ந்துதான் பல்லின் உருவம். கம்ப்யூட்டர் எதுவும் இல்லை, வெறும் கேமும் ஸ்பிரிங்கும்தான். முதல் நாள் இதை நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவு அழகான வேலை.

கணக்கு வேண்டுமென்றால், 36 அங்குல சக்கரம் உள்ள மில்லில் பிளேடு 21 அடி என்று வையுங்கள். பல்லுக்குப் பல் ஒன்றேகால் அங்குலம் என்றால் சுமார் 200 பல். நிமிடத்துக்கு 40 பல் போனால் ஒரு சுற்றுக்கு 5 நிமிடம். மொட்டையாகிக் கழற்றிய பிளேடுக்கு மூன்று நான்கு சுற்று, அதாவது டீ குடித்துவிட்டு வருகிற நேரம். கையால் முக்கோண அரம் போட்டு இழைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, முதலில் போட்ட பல்லுக்கும் கடைசியில் போடுகிற பல்லுக்கும் உயரம் ஒன்றாகவும் இருக்காது.

இந்த உயர விஷயம்தான் முக்கியம். 200 பல்லில் ஒரு 50 பல் மட்டும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் மரத்தை அந்த 50 பல்தான் அறுக்கும், மற்றதெல்லாம் சும்மா கூடப் போய் வரும். நீட்டிய பல் சீக்கிரம் மொட்டையாகும், பிளேடு ஒரு பக்கமாக ஓடும், வாசக்காலுக்கு அறுத்த சட்டம் ஒரு முனையில் 3 அங்குலமும் மறுமுனையில் அதற்குக் கூடவோ குறையவோ வரும், அப்புறம் தச்சரிடம் பேச்சு வாங்க வேண்டும். மெஷினில் தீட்டினால் எல்லாப் பல்லும் ஒரே கேமில் இருந்து வருவதால் உயரம் ஒன்றுபோல் நிற்கிறது. பிளேடு மாட்டினால் நேராகப் போகிறது. பண்ருட்டிப் பலா அறுக்கும்போது இது நன்றாகவே தெரிந்தது, முன்பெல்லாம் அகலமான பலாக் கட்டையில் பலகை அலையடிக்காமல் வந்தால் அதிர்ஷ்டம்.

பிளேடு மிச்சம் என்று சொன்னேனே, அது இங்கிருந்து வருகிறது. கையில் சாணைக் கல்லை வைத்துத் தீட்டுகிறவர் அவசரத்தில் ஒரு அழுத்து அழுத்தினால் பல் நுனி நீலமாகும். நீலம் வந்த இடத்தில் ஸ்டீல் சூடேறி சட்டென்று ஆறி, கண்ணாடி மாதிரி முறியும் குணத்துக்கு வந்துவிடும். அடிப்பள்ளத்தில் நீலம் வந்தாலோ, பள்ளம் வளைவாக இல்லாமல் மூலை விழுந்தாலோ, அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். சக்கரத்தில் ஏறி இறங்கி வளைந்து நிமிர்கிற பிளேடு, ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை என்று யார் எண்ணுவது. சின்ன விரிசல் சாயங்காலத்துக்குள் அரை அங்குலம் ஓடியிருக்கும், அப்புறம் வெட்டி வெல்டு, அல்லது பழைய இரும்புக்கடை. மெஷினில் ஒரு சுற்றுக்கு மயிரிழை அளவு எடுக்க வைத்து, கடைசிச் சுற்றை இன்னும் லேசாக ஓட்டினால் நீலமே வருவதில்லை. தேய்க்கிற இரும்பு குறைவதால் பிளேடு அகலமும் மெதுவாகத்தான் குறைகிறது. முன்பு விரிசல் விட்டே தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தோம், இப்போது அகலம் தேய்ந்து முடிகிற வரைக்கும் ஓட்டுகிறோம்.

ஆனால் இதெல்லாம் கல்லைப் பொறுத்தது. மெஷினோடு வந்த கல் குப்பை. கொஞ்ச நேரத்தில் முகம் பளபளவென்று மழுங்கிப் போய் வெட்டாமல் வெறுமனே தேய்த்துச் சூடாக்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு க்யூமி கல் போட்டோம், நம்ம சென்னைக் கம்பெனி கார்போரண்டம் யுனிவர்சல் போடுவது. கல்லின் மேல் எழுதியிருப்பதில் ஏ என்றால் அலுமினியம் ஆக்சைடு, பக்கத்தில் உள்ள 60 என்பது மணலின் பருமன், அதற்கடுத்த எழுத்து கல்லின் கெட்டித்தன்மை. கெட்டியான கல் ரொம்ப நாள் உழைக்கும் என்று கடைக்காரர் தருவார், வாங்காதீர்கள். பிளேடு தீட்ட மணல் தானாக உதிர்கிற நடுத்தரக் கல்தான் நல்லது. அப்புறம் கல் அளவு. 8 அங்குலக் கல் 2880 ஆர்பிஎம் மோட்டாரில் சரியாக இருக்கும், பெரிதாகப் போட்டால் சீக்கிரம் தேயாதே என்று 10 அங்குலம் மாட்டினால் விளிம்பு வேகம் சாதாரணக் கல் தாங்குகிற அளவைத் தாண்டிவிடும். கல்லின் மேலேயே எத்தனை ஆர்பிஎம் வரை என்று போட்டிருக்கும், பாருங்கள். மாட்டும் முன் கம்பியில் தொங்கவிட்டு ஒரு மரத்துண்டால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். என் மெஷினுக்குக் கல் மூடியே அரைகுறையாகத்தான் வந்தது, தகடு வெட்டி நாங்களே செய்து மாட்டினோம். லட்ச ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு மூடி ஒழுங்காகத் தராதது எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் மில்லில் பல வருஷமாக பிளேடு பார்க்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். மெஷின் வந்து இறங்கியதும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: 'வெல்டு எங்க இருக்குன்னு இதுக்குத் தெரியுமா தம்பி?' தெரியாது. அதுதான் இந்த மெஷினின் பெரிய குறை. இரும்பு விரல் எந்தப் பல்லைப் பிடித்துத் தள்ளுகிறதோ அதை வைத்துத்தான் கல் இறங்கும் இடம் அமையும். வெல்டு வைத்த இடத்தில் இரண்டு பல்லுக்கு நடுவே தூரம் கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் கல் அங்கே ஒரு பல்லை அதிகமாகக் கடித்துவிடும். ஆணியில் மோதிப் பல் ஒடிந்திருந்தால் விரலுக்குப் பிடி கிடைக்காமல் நழுவி, பிளேடு பாதி தூரம்தான் நகரும், கல் நேராகப் பல்லின் மண்டையில் இறங்கும். அதனால் வெல்டுக்கு முன்னால் சாக்பீஸால் ஒரு கோடு, ஒடிந்த பல்லுக்கு ஒரு கோடு. கோடு வருகிறபோது ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். அண்ணன் அதற்குத்தான் நிற்கிறார், சம்பளம் மிச்சமாகாததற்கு அதுதான் காரணம், அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

ஆணி என்றதும் ஒன்று. நம்ம ஊரில் பல் ஒடிவதற்குப் பாதிக் காரணம் ரோட்டோர மரம். விளம்பரப் பலகை அடிக்காத வேம்பே கிடையாது, பலகை போனாலும் ஆணியை மரம் வளர்ந்து உள்ளேயே மூடிக்கொள்ளும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்ததே, அது மாதிரிக் காற்றில் சாய்கிற தூங்குமூஞ்சியும் வேம்பும் மில்லுக்கு வந்தால் முதலில் ஆணி தேடுவதுதான் வேலை. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு சாய்ந்து கிடந்த பலா மரங்களை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ஆனால் அது தோப்பு மரம், ஆணி கம்மி, பால்தான் பிரச்சினை. பலாப்பால் பிளேடில் ஒட்டினால் டீசல் தொட்டுத் துடைத்துவிட்டுத்தான் மெஷினில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் கல்லின் முகம் அடைத்துக்கொள்ளும்.

பல் மடக்குவது, அதாவது செட் போடுவது, இந்த மெஷின் செய்யாது. சிலர் செய்யும் என்று நினைத்து வாங்குகிறார்கள். ஒரு பல் இடப்பக்கம் ஒரு பல் வலப்பக்கம் என்று மடக்குவது தனி வேலை, தனிக் கருவி. பிளேடு சக்கரத்தில் விறைப்பாக நிற்பதற்காக அதன் நடுப்பகுதியைத் தட்டி எடுப்பதும் கைவேலைதான். செட் அதிகமானால் மரத்தூள் கூடும், கன அடிக் கணக்கில் காசு தூளாகப் போகும். குறைந்தால் பிளேடு மரத்துக்குள் சிக்கிச் சூடாகும். இதை எந்த கேமும் பார்த்துக்கொள்ளாது.

கோணம் மாற்றுவது எளிது, தலையைச் சாய்க்க டிகிரி போட்ட தகடு இருக்கிறது. பைன் மாதிரி மிருதுவான இறக்குமதி மரத்துக்குப் பல்லின் முன்சாய்வு 25, 30 டிகிரி வரை போகலாம். புளியும் வைரம் பாய்ந்த சவுக்கும் அறுக்கிறவர்கள் 15, 20க்குள் நிறுத்துவது நல்லது. இரண்டு வகை மரமும் வருகிற மில் என்றால் பிளேடையே இரண்டாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பிளேடுக்கு அடிக்கடி கோணம் மாற்றினால் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் பல்லில் வீணாக இரும்பு போகும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கடலூர் முதுநகர், புதுச்சேரி தேங்காய்த்திட்டு மாதிரி இடங்களில் படகு வேலைக்கு மரம் அறுக்கிறவர்கள் இந்த மெஷினைப் பத்து நாள் மூடாமல் விட்டால் தலை ஏறி இறங்குகிற வழுக்குப் பாதை துருப்பிடித்து இறுகிவிடும். சரி, எண்ணெய் விடலாம் என்று விட்டால் சாணைத் தூள் அதில் ஒட்டி அதுவே அரைக்கிற மாவாகிறது. முதலில் உலர்ந்த துணியால் தூளைத் துடைத்து எடுத்துவிட்டு, பிறகு மெல்லிசாக எண்ணெய் தொடுங்கள், வேலை முடிந்ததும் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். உப்புக் காற்றில் சின்ன மோட்டார்தான் முதலில் போகும், செப்புக் கம்பி சுற்றிய மோட்டாரா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்.

யாருக்கு வேண்டாம்? புதுச்சேரி தட்டாஞ்சாவடி பக்கம் பிளைவுட் வெட்டுகிற பட்டறைக்காரர்கள் சிலர் இதைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். நீங்கள் ஓட்டுவது நுனியில் கார்பைடு என்ற ரொம்பக் கெட்டியான பொருள் ஒட்டிய வட்ட பிளேடு. அதற்கு டைமண்ட் கல் வேண்டும், இந்தக் கல் அதைக் கீறக்கூடச் செய்யாது, அது வேறு மெஷின், வேறு விலை. ஒரே பேண்ட்சா வைத்துக்கொண்டு வாரத்துக்கு இரண்டு பிளேடு மாற்றுகிறவர்களும் வெளியே கொடுத்துத் தீட்டிக்கொள்வதே லாபம். தினமும் நாலைந்து பிளேடு இறங்கி ஏறுகிற மில் என்றால் தயங்காமல் வாங்கலாம், பிளேடு செலவிலேயே போட்ட பணம் திரும்பும்.

பழைய மெஷின் கிடைத்தாலும் மோசமில்லை, ஆனால் கல்லைக் கழற்றிவிட்டு வெறும் மெஷினில் பிளேடு ஏற்றி ஓட்டிப் பாருங்கள். பல் நகர்ந்து நிற்கிற இடத்தில் ஒரு குறிமுள் மாதிரி கம்பி கட்டி வைத்தால், ஒவ்வொரு பல்லும் கம்பிக்கு நேராக வந்து நிற்கிறதா, முன்னே பின்னே ஆடுகிறதா என்று தெரிந்துவிடும். ஆடினால் விரல் தேய்ந்திருக்கும் அல்லது கேம் தேய்ந்திருக்கும். விரல் என்றால் கவலையில்லை, நல்ல லேத் பட்டறையில் செய்து கொடுப்பார்கள், கெட்டிப்படுத்தச் சொல்லி இரண்டாகச் செய்து ஒன்றை அலமாரியில் போட்டுவையுங்கள். கேம் தேய்ந்திருந்தால் விலையைப் பேசவே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.