கே.எல்–பினாங்கு கார் அனுப்புகிறவர்கள் கவனத்துக்கு: லோரியில் ஏற்றுவார்கள், பாதி வழியில் இறக்கிவிடுவார்கள்

ஓடாத காரைக் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு அனுப்ப நினைப்பவர்கள் தயவுசெய்து இதை முழுசா படிங்க. காரை வாங்கும்போது ஏற்றும் லோரியோடு வருகிறார்கள். நாம் படம் எடுத்துக்கொண்டு நிம்மதியா வீட்டுக்குள் போனதும், ரவாங் பக்கம் எங்கேயோ காரை இறக்கி, வடக்கே போகிற ஒரு எஸ்யுவியின் பின்னால் இரும்புத் தடியில் மாட்டிவிடுகிறார்கள். லோரி திரும்பிப் போய்விடும். நம் கார் நான்கு சக்கரமும் தரையில் உருள பட்டர்வொர்த் வரை இழுபட்டு வரும். என் தங்கையின் ஹோண்டா சிட்டி அப்படித்தான் வந்தது.

செந்தூலில் அவள் காருக்கு எஞ்சின் சூடாகி ஹெட் கேஸ்கட் போய்விட்டது. வேலை மாற்றலாகி ஊருக்கே வருகிறாள், பிறையில் எங்களுக்குப் பழக்கமான ஃபோர்மேன் (மெக்கானிக்) இருக்கிறார், அவரிடமே செய்துகொள்ளலாம் என்று முடிவு. ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டிருந்த ஒருவரிடம் பேசினோம். லோரியில் ஏற்றி இறக்கி, டோல் எல்லாம் சேர்த்து 850 வெள்ளி (ரிங்கிட்). பாதியை முன்பணமாக பேங்கில் போடச் சொன்னார். "தங்கச்சி, கவலையே படாதீங்க, உங்க வண்டி பூ மாதிரி போய்ச் சேரும்" என்று அவர் அனுப்பிய குரல் பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது.

மாலையில் லோரி வந்தது. தங்கை எதிலும் கவனமானவள். நான்கு பக்கமும் படம், மீட்டரில் ஓடிய கிலோமீட்டருக்கு ஒரு படம், லோரியின் நம்பர் பிளேட் எல்லாம் எடுத்து எனக்கு அனுப்பினாள். அந்தப் படங்கள் இல்லையென்றால் இன்றைக்கு எங்களிடம் பேச ஆதாரமே இருந்திருக்காது.

விடியற்காலையில் பட்டறை வாசலில் நான் நிற்கிறேன். லோரியைக் காணோம். எஸ்யுவி ஒன்று முன்னால், எங்கள் கார் பின்னால். "லோரி டோலுக்கு அந்தப் பக்கம் நிக்குது பாஸ், சந்துக்குள்ள நுழையாது, அதான் இந்தக் கொஞ்ச தூரம் மட்டும் இழுத்துட்டு வந்தோம்" என்றார் ஓட்டி வந்தவர். சிட்டியின் ஸ்டியரிங்கில் இருந்து ஒரு பையன் இறங்கினான். பதினெட்டு வயசு இருக்குமோ என்னவோ. சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது, விரலை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தான். மிச்சப் பணத்துக்கு மேல் இன்னும் 300 வெள்ளி கேட்டார்கள், எண்ணெய்க் காசாம். கொடுத்தால்தான் சாவி. கொடுத்து வாங்கினேன்.

பட்டறையில் பேட்டரியை மாற்றி சாவியைத் திருப்பினோம். செந்தூலில் எடுத்த படத்தில் இருந்ததைவிட மீட்டர் 190 கிலோமீட்டர் கூடியிருந்தது. லோரி மேல் நிற்கும் காருக்கு மீட்டர் ஓடாது. ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளக் கூடாது என்று சாவியை ஓனிலேயே விட்டு இழுத்திருக்கிறார்கள். அதனால் மீட்டரும் ஓடியிருக்கிறது, கண்ணாடியில் ஒட்டியிருந்த டேஷ்கேமும் ஓடியிருக்கிறது.

அந்த வீடியோவை உட்கார்ந்து பார்த்தோம். முன்னால் எஸ்யுவியின் முதுகு, நடுவில் தடி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் டங் டங் என்று ஒரு சத்தம். பீடோர் தாண்டியதும் அந்தப் பையன் போனில் பேசுவது தெளிவாகக் கேட்கிறது: "அண்ணே, பிரேக் கல்லு மாதிரி இருக்கு, ஏறி மிதிச்சாலும் பிடிக்க மாட்டேங்குது." அந்தப் பக்கம் இருந்து பதில்: "நீ ஸ்டியரிங்க மட்டும் பிடிடா, மத்தத நான் பாத்துக்கறேன்." எஞ்சின் ஓடாத காரில் இரண்டு மூன்று மிதியிலேயே பிரேக்கை லேசாக்கும் வெற்றிட உதவி தீர்ந்துவிடும், பவர் ஸ்டியரிங்கும் வேலை செய்யாது. அது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அனுப்பியவருக்குத் தெரியும்.

ஈப்போ தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வீடியோ நின்றுவிடுகிறது. மீட்டர் நின்ற இடமும் அதுதான், பேட்டரி செத்துவிட்டது. அதோடு ஹஸார்ட் லைட்டும் பின் விளக்கும் போயிருக்கும். அடுத்து வருவது மெனோரா சுரங்கப் பாதை. வடக்கே அடிக்கடி போய் வருகிறவர்களுக்கு அந்த ஏற்ற இறக்கமும் வளைவும் தெரியும், 80-க்கு மேல் போகக் கூடாது என்று பலகை வைத்திருக்கும் இடம். அந்த மலையையும் 800 மீட்டர் சுரங்கத்தையும் நடுராத்திரியில், விளக்கில்லாத காரில், பிரேக் இல்லாமல் அந்தப் பையன் கடந்திருக்கிறான். பின்னால் ஒரு கனரக லோரி வந்திருந்தால்? இதை நினைக்கும்போதெல்லாம் கியர் பாக்ஸ் போனது எனக்கு இரண்டாம் பட்சம்.

கியர் பாக்ஸ் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது ஓட்டோ கியர் காருக்கெல்லாம் பொருந்தும். சிட்டியில் முன் சக்கரம்தான் வண்டியை நகர்த்துவது. அது தரையில் உருண்டால் கியர் பாக்ஸுக்குள் இருப்பதும் கூடவே சுற்றும். உள்ளே எண்ணெயை ஏற்றும் பம்பை ஓட்டுவது எஞ்சின். எஞ்சின் நின்றிருந்தால் எண்ணெய் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. நியூட்ரலில் போட்டாலும் இதேதான். மணிக்கணக்காக எண்ணெய் இல்லாமல் இரும்போடு இரும்பு உரசும். ஃபோர்மேன் அடியில் இருக்கும் காந்த நட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். மை போட்ட மாதிரி கருப்புக் குழம்பு, தேய்த்தால் விரலில் வெள்ளிப் பொடி, கருகின வாடை. ஹெட் கேஸ்கட்டைச் சரி செய்து எஞ்சின் ஓடியது, டி-யில் போட்டால் வண்டி முனகியதே தவிர நகரவில்லை. பழைய கியர் பாக்ஸ் ஒன்றைத் தேடிப் போட 4,800 வெள்ளி ஆனது.

எஸ்யுவி பெரிய வண்டிதானே, ஒரு சிட்டியை இழுக்காதா என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள். இழுக்கும். நிறுத்த முடியுமா என்பதுதான் கேள்வி. ஹோண்டா சி.ஆர்.வி அளவு எஸ்யுவிக்கு ஆஸ்திரேலியாவில் முந்தைய மாடல்களுக்குக் கொடுத்திருந்த கணக்கு, தனக்கென்று பிரேக் இல்லாத பாரம் என்றால் 600 கிலோ, பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 1,500 கிலோ. சிட்டி மட்டுமே ஏறக்குறைய 1,100 கிலோ. முறையான டிரெய்லரில் ஏற்றினாலும் டிரெய்லரின் எடையும் சேர்ந்து 1,500-ஐத் தாண்டிவிடும். பிரேக் செத்த காரைத் தடியில் மாட்டினால் அத்தனை எடையையும் எஸ்யுவியின் பிரேக்கே தாங்க வேண்டும்.

வீடியோவை விளம்பரம் போட்ட அந்த ஆளுக்கு அனுப்பினேன். முதலில் "கியர் பாக்ஸ் ஏற்கெனவே போனது" என்றார், பிறகு "அது வேற ஆளு, நான் சப்-கான்ட்ராக்ட் குடுத்துட்டேன்" என்றார், அப்புறம் பிளாக். போலீஸ் ரிப்போர்ட் செய்தாயிற்று. கூலிக்கு இழுவை வண்டி ஓட்ட அபாட் (தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனம்) உரிமம் வேண்டும், அங்கேயும் புகார் கொடுத்திருக்கிறோம். அந்த எஸ்யுவி சொந்தப் பாவனைக் காப்புறுதியில் ஓடுகிற வண்டி என்றால், கூலிக்கு இழுக்கும்போது விபத்து நடந்தால் காப்புறுதி கைகொடுக்காமல் போகலாம். அதையும் யோசித்துப் பாருங்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டினால் 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. ஆனால் எதிராளியின் வியாபாரப் பெயரும் முகவரியும் வேண்டும். பணம் போடும் முன்பே எஸ்எஸ்எம் (நிறுவனங்கள் ஆணையம்) பதிவு எண்ணைக் கேளுங்கள். போலீஸின் செமாக் மூல் தளத்தில் அவர் போன் நம்பரையும் பேங்க் கணக்கையும் தட்டிப் பாருங்கள். "வழி முழுக்க ஒரே லோரி, நான்கு சக்கரமும் தரையில் படாது" என்று வாட்ஸப்பில் எழுதி வாங்குங்கள். வழியில் தாப்பா, சுங்கை பேராக் ஓய்விடங்களில் லோரியோடு கார் நிற்கும் படம் கேளுங்கள், நேர்மையான ஆள் தயங்காமல் அனுப்புவார். முழுக் காப்புறுதி இருந்தால் முதலில் அந்த நிறுவனத்துக்கே போன் போடுங்கள், பலர் இழுவைச் சேவை தருகிறார்கள், எத்தனை கிலோமீட்டர் வரை என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிளஸ் நெடுஞ்சாலையிலேயே நின்றுவிட்டால் அவர்களின் உதவி எண் 1800-88-0000. தானாக வந்து நிற்கும் இழுவை வண்டியிடம் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.

அந்தப் பையனை யாருக்காவது தெரிந்தால், ரவாங், செலாயாங் பக்கம் இருக்கலாம், ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவன் மேல் எங்களுக்கு எந்தக் கோபமும் இல்லை, ரிப்போர்ட்டில் அவனைக் குற்றம் சொல்லவும் இல்லை. அன்று ராத்திரி எங்கே ஏறினான், யார் ஏறச் சொன்னது என்பதை மட்டும் வந்து சொன்னால் போதும். போக வர செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.