அழுகுணி ஆட்டம் ஆடுவது யார்?

ஐப்பசி பிறந்துவிட்டால் குன்னூரில் சாயங்காலம் 5 மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கும். பர்லியாறு பக்கம் ஒரு மரம் சாய்ந்தால் கரண்ட் போகும், பின்னாலேயே நெட்டும் போகும். கரண்ட் அன்றைக்கே வந்துவிடும். நெட் வர இரண்டு நாள் ஆகும். ஆன்லைனில் ஆள் கிடைக்காத அந்த நாட்களில் கணினிப் போர் விளையாட்டுகளில் எனக்கு எதிராளி லேப்டாப்தான். பக்கத்து வீட்டு சுபேதார் மாமா வர்க்கிப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்துகொள்வார். வெலிங்டன் ராணுவ முகாமில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் தோற்கும்போதெல்லாம் ஒரே தீர்ப்புதான்: "இவன் நம்ம சீட்டை எட்டிப் பாத்துட்டு ஆடுறான் தம்பி. போங்கு."

இந்தக் குற்றச்சாட்டு எந்த ஆட்டத்துக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று என்னிடம் இருக்கிற போர் விளையாட்டுகளை வைத்துப் பார்த்தேன்.

அளவுகோலை மாமாவே கொடுத்தார். படையில் பயிற்சிப் போர் நடந்தால் எந்தத் தரப்பையும் சேராத அம்பயர் இருப்பார் என்றார். பழைய ஏற்பாடுதான். 1824-ல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி தன் ராணுவத்துக்குக் காட்டிய 'கிரீக்ஸ்ஷ்பீல்' மேஜைப் போரிலும் முழு நிலவரம் நடுவருக்கு மட்டுமே தெரியும். ஒவ்வொரு தரப்புக்கும் அதன் படை எதைப் பார்த்திருக்க முடியுமோ அதை மட்டும் சொல்வார். கணினி ஆட்டத்தில் சிக்கலே இங்கேதான். நடுவரும் எதிராளியும் ஒரே பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நடுவர் எதிராளிக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம், நம் படை இருக்கும் இடத்தைக் காதில் ஓதலாம், தாயக்கட்டையைப் புரட்டலாம்.

காசு கொடுப்பதில் பேர்போனது சிவிலைசேஷன் 6 (2016). மொத்தம் எட்டு கடின நிலைகள். நாலாவதான 'பிரின்ஸ்' நிலையில் இரு தரப்பும் சமம். அதற்குக் கீழே சலுகை நமக்கு, மேலே போகப் போகக் கணினிக்கு. உச்சியில் இருக்கும் 'டெய்ட்டி'யில் நாம் ஒரு குடியேறிக் கூட்டத்தோடு ஒற்றை ஊர் கட்டி ஆரம்பிப்போம். கணினியிடம் முதல் சுற்றிலேயே மூன்று கூட்டம் இருக்கும். சண்டை வலிமையிலும் 4 புள்ளி கூட. தங்கம், உற்பத்தி, அறிவியல் எல்லாவற்றிலும் மேல்வரும்படி.

இது அழுகுணி ஆட்டமா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆடுபுலி ஆட்டத்தில் ஒருவருக்கு 3 புலி, இன்னொருவருக்கு 15 ஆடு. கோடு கிழிக்கும்போதே தெரிந்த விஷயம் என்பதால் யாரும் சண்டை போடுவதில்லை. டெய்ட்டியும் அந்த ரகம்தான், தெரிந்தே போய் உட்காருகிறோம். என் குறை வேறு. ஆடுபுலியில் புலிக்கும் ஆட்டுக்கும் வேலை வேறு வேறு, அதனால் இரு பக்கமும் யோசித்தாக வேண்டும். இங்கே இருவருக்கும் ஒரே வேலை, ஒருவனுக்குக் கைச்செலவுக்கு அப்பா பணம் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். முதல் ஐம்பது சுற்று மூச்சுத் திணறும். அதைத் தாண்டிவிட்டால், பெரும்படையோடு வந்து என் கோட்டை முன்னால் எதைச் செய்வதென்று தெரியாமல் முன்னும் பின்னும் நடக்கும் எதிரியைப் பார்த்துப் பரிதாபம்தான் வரும். அதன் மூளையோடு மோதுகிறேன் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை, அதன் மானியத்தோடுதான் மோதுகிறேன்.

ஸ்டார்கிராஃப்ட் 2 இந்த விஷயத்தில் வெளிப்படை. நேர்மையாக ஆடும் நிலைகளில் மிகக் கடினமானது 'எலைட்'. அதற்கு மேலே உள்ள மூன்றுக்கும் பெயரே 'சீட்டர்' 1, 2, 3. முதலாவது வரைபடம் முழுவதையும் பார்க்கும், இரண்டாவதற்குக் கூடுதல் வளமும் உண்டு, மூன்றாவது அதற்கும் மேல். திருடன் நெற்றியில் திருடன் என்று எழுதி ஒட்டிக்கொண்டு வருகிறான். மாமாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் இரண்டு காலத்துக் கணினிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். 1999-ல் வந்த மூல ஆட்டத்தின் கடைசி நிலையில் கணினிக்கு இலவச வளம் கிடைத்தது. 2019-ன் டெஃபினிட்டிவ் பதிப்புக்குப் புதிதாக எழுதிய கணினி ஆட்டக்காரன் உச்ச நிலையான 'எக்ஸ்ட்ரீம்' வரை ஒரு பைசா கூடுதலாக வாங்குவதில்லை. அந்தப் பதிப்பிலேயே பழைய கணினியையும் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், இரண்டையும் மோதவிட்டு வேடிக்கை பார்த்தேன். சலுகை வாங்கிப் பழகிய பழையவன், சலுகை இல்லாத புதியவனிடம் நின்று ஆட முடியவில்லை. ஆடு மேய்ப்பது, விறகு வெட்டுவது, சரியான நேரத்தில் அடுத்த யுகத்துக்குப் போவது என்று குடித்தனம் நடத்தத் தெரிந்தவன் புதியவன். அவனிடம் தோற்றால் எங்கே தோற்றோம் என்று திரும்பிப் பார்க்கலாம், அடுத்த தடவை திருத்தலாம். டெய்ட்டியிடம் தோற்றால் அப்படி எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

ஆனால் இவனிடமும் ஒரு நெருடல் உண்டு, அவன் விரல். நான் கல்லெறி பொறியால் குறி வைத்தால், கல் விழுவதற்குள் அவனுடைய வில்லாளிகள் சிதறி ஒதுங்கிவிடுகிறார்கள். மவுஸோடு மல்லுக்கட்டும் எனக்கு அது எங்கே முடியும்? டீப்மைண்ட் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவான ஆல்ஃபாஸ்டார் ஸ்டார்கிராஃப்ட் 2-ல் டிஎல்ஓ, மானா என்ற இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்களை 10-1 என்று வென்றது 2019 ஜனவரியில் வெளியானபோது எழுந்த வாதமும் இதேதான். நிமிடத்துக்கு எத்தனை சொடுக்கு என்ற சராசரியில் அது மனிதனைவிடக் குறைவு. சண்டை உச்சத்தில் மட்டும் எந்த மனிதக் கையாலும் முடியாத வேகம், துல்லியம். போதாததற்குத் திரையை நகர்த்தாமலே, தன் படைக்குத் தெரியும் இடம் அனைத்தையும் ஒரே நேரத்தில் பார்த்தது. நம்மைப் போலத் திரையை நகர்த்திப் பார்க்கும்படி மாற்றிய வடிவம்தான் நேரலையில் மானாவிடம் தோற்றது, அந்த ஒரே ஒரு ஆட்டம். விதியை மீறாமலும் சமமில்லாமல் ஆட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கடைசியாகத் தாயக்கட்டை. மாமா தானே விளையாடும் ஒரே ஆட்டம் பேட்டில் ஃபார் வெஸ்னாத். இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும், நெட் தேவையில்லை. மழைக்காலத்துக்கென்றே செய்ததுபோல இருக்கும். இதில் மந்திரவாதி எய்தால் எதிரி எங்கே நின்றாலும் 70 சதவீதம் படும். ஒரு தாக்குதலில் மூன்று எய்தல். ஒரு நாள் மூன்றும் தவறின. "பாத்தியா? கட்டையை உருட்டுறதும் அவன், எண்ணுறதும் அவன்!"

கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு எய்தல் தவற 30 சதவீதம். மூன்றும் தவற 2.7 சதவீதம், அதாவது சுமார் 37 தாக்குதலில் ஒன்று. ஒரு ராத்திரி முழுக்க மந்திரவாதியை அனுப்பிக்கொண்டே இருந்தால் ஒரு தடவையாவது நடக்காவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். மாமா மசியவில்லை. எதிர்பார்த்த சேதம் எவ்வளவு, நடந்தது எவ்வளவு என்று காட்டும் புள்ளிவிவரப் பட்டியல் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. திறந்தேன். அன்றைக்கு மாமாவின் படை எதிர்பார்ப்பைவிட அதிகமாகவே அடித்திருந்தது. கொஞ்ச நேரம் வர்க்கி கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

சொல்லப்போனால், கட்டையைப் புரட்டும் ஆட்டங்களும் இருக்கின்றன. ஆனால் புரட்டுவது நமக்காக. எக்ஸ்காம் (2012) எளிய நிலைகளில், நாம் தொடர்ந்து குறி தவறினால் அடுத்த குறிக்குச் சத்தமில்லாமல் கூட்டிக்கொடுக்கும். திரையில் தெரியும் சதவீதம் மாறாது. ஃபயர் எம்பளம் 2002-லிருந்து பல பாகங்களில், குறி படுமா என்று முடிவு செய்ய ஒன்றுக்குப் பதில் இரண்டு தற்செயல் எண்களை எடுத்து அவற்றின் சராசரியைப் பார்க்கிறது. 90 என்று காட்டினால் உண்மையில் 98. காரணம் நாம்தான். மூன்றுக்கு ஒன்று என்ற பலத்தில் தோற்றால் சோதனை ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள், அதே கணக்கில் பலவீனமாக இருந்து ஜெயித்தால் வாய் திறக்கவில்லை என்று சிவிலைசேஷனை உருவாக்கிய சிட் மையர் 2010-ல் ஒரு மேடையில் சொல்லியிருக்கிறார். சகுனி நம் பக்கம் உட்கார்ந்தால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

இருந்தாலும் மாமாவின் மூக்கு முழுக்கத் தப்பில்லை. வெஸ்னாத்தின் கட்டை சுத்தம், கண் சுத்தமில்லை. நம் படையின் கண்ணுக்கு எட்டாமல் போர்மூட்டம் மறைக்கும் இடங்கள் அதன் கணினிக்கு மறைவதில்லை. சீட்டை எட்டிப் பார்க்கிறான் என்று அவர் முதல் நாள் சொன்னது இந்த ஆட்டத்துக்கு அட்சர சுத்தமாகப் பொருந்துகிறது.

ஆக, நெட் போன ராத்திரிக்கு என் தேர்வு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் பதிப்பு, விரல் வேகத்தை மன்னித்துவிட்டு. சிவிலைசேஷன் என்றால் பிரின்ஸுக்கு ஒரு படி மேலே, அதற்கு மேல் வேண்டாம். மாமா வெஸ்னாத்தை விடுவதாக இல்லை. ஆட்டம் தொடங்கும் திரையில் மூட்டத்தை எடுத்துவிடும் வசதி இருக்கிறது, அதைக் காட்டிக்கொடுத்தேன். இப்போது இரு தரப்புக்கும் எல்லாம் தெரியும். நேற்றும் தோற்றார்.

"மூட்டத்தைத் திரும்பப் போடு தம்பி," என்றார். "தோத்தா சொல்றதுக்கு ஒரு காரணமாவது இருக்கட்டும்."