கழுத்துப் பிடிப்புக்குக் காலர் போடுவதா, ஒத்தடமா, சொடக்கா, பயிற்சியா?

பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளிக்கக் குனிந்தபோதுதான் தெரிந்தது, கழுத்து என் பேச்சைக் கேட்கவில்லை என்று. இடது பக்கம் யாராவது கூப்பிட்டால் தலை மட்டும் திரும்பாது, இடுப்பிலிருந்து ஆளே திரும்ப வேண்டும். மூன்று நாள் அப்படித் திரிந்ததில் யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் கழுத்தை அசையாமல் தாங்கிப் பிடிக்கும் காலர் போடச் சொன்னார். ஒருவர் ஐஸ் வை என்றார், பக்கத்திலிருந்தவர் ஐஸா, வெந்நீர் ஒத்தடம்தான் என்றார். இன்னொருவர் "ஒரே சொடக்கு, சரியாயிடும்" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே வந்தார். அவரிடமிருந்து தப்பித்த பிறகு, இதில் எதற்கு எவ்வளவு மதிப்பு என்று தேடிப் பார்த்தேன்.

முதலில் வலிக்கும் இடம். தோள்பட்டை எலும்பின் மேல் மூலையில், முதுகெலும்பை ஒட்டிய உள்பக்கம் விரலால் அழுத்திப் பாருங்கள். பலருக்கு அங்கேயே "ஆ" என்று வரும். அந்த மூலையிலிருந்து கழுத்தின் மேல் எலும்புகள் வரை ஏறும் ஒரு தசை இருக்கிறது. தோளைத் தூக்கிப் பிடிப்பது அதன் வேலை. காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு பேசும்போது சுருங்கியே கிடப்பது அதுதான். நாலரை, ஐந்து கிலோ எடையுள்ள தலையை 7 எலும்புகளும் இப்படிப்பட்ட தசைகளும்தான் நாள் முழுக்கத் தாங்குகின்றன. திடீரென்று வரும் பிடிப்பு பெரும்பாலும் தசையும் எலும்புகளுக்கு இடையிலுள்ள சின்ன மூட்டுகளும் செய்யும் வேலை. சில நாளிலோ ஓரிரு வாரத்திலோ அதுவாகவே விலகிவிடும். அதனால்தான் எந்த வைத்தியம் செய்தாலும் "அதுதான் கேட்டது" என்று சொல்ல முடிகிறது.

எக்ஸ்ரேயில் "தேய்மானம்" என்று எழுதி வந்ததும் பாதிப் பேர் பயத்திலேயே கழுத்தை அசைக்காமல் விட்டுவிடுகிறார்கள். 2015இல் ஜப்பானில் வெளியான ஓர் ஆய்வில், கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 87.6 சதவீதம் பேருக்குக் கழுத்தெலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு பிதுங்கியிருந்தது. இருபது வயதுக்காரர்களிலும் பெரும்பாலோருக்கு அப்படித்தான். தலைமுடி நரைப்பதுபோல அதுவும் ஒன்று. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது.

காலர் போடுவதா, அசைப்பதா

சரி, காலர். போட்ட உடனே சுகமாகத்தான் இருக்கும், தலையின் பாரத்தை அது வாங்கிக்கொள்கிறது. சிக்கலும் அங்கேதான். வேலை இல்லாத தசை சீக்கிரமே சோம்பிப்போகும், மூட்டு இறுகும், கழற்றினால் முன்பைவிட அதிகமாக வலிக்கும், மறுபடி மாட்டச் சொல்லும். வண்டி மோதிக் கழுத்து வெட்டி இழுத்தவர்களை இரண்டாகப் பிரித்து நார்வேயில் ஒரு ஆய்வு நடந்தது, 1998இல் வெளியானது. ஒரு குழுவுக்குக் காலரும் 14 நாள் விடுப்பும். இன்னொரு குழுவிடம் "வழக்கம்போல இருங்கள்" என்று மட்டும் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வழக்கம்போல இருந்தவர்களே தேவலை.

காலரை ஒரேயடியாகக் குப்பையில் போடவும் முடியாது. எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை என்றால் மருத்துவர் சொல்வதுதான் சட்டம். நரம்பு நசுங்கி வலி கைக்கு இறங்கியவர்களிடம் நெதர்லாந்தில் செய்த ஆய்வில் (2009), முதல் சில வாரங்களுக்குக் காலர் போட்டு ஓய்வெடுத்தவர்களுக்கும் பிசியோதெரபிக்குப் போனவர்களுக்கும் சும்மா காத்திருந்தவர்களைவிட வலி சீக்கிரம் குறைந்தது. ஆக, கை வலியோடு வரும் புது நரம்புத் தொந்தரவுக்குக் கொஞ்ச நாள், அதுவும் மருத்துவர் சொன்னால். வெறும் பிடிப்புக்கு வேண்டாம். கண்ணாடி முன் நின்று, வலி தொடங்கும் இடம் வரை தலையை மெல்லத் திருப்பி, திரும்ப நடுவுக்குக் கொண்டுவருவது காலரைவிட நல்லது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பக்கத்துக்கு ஐந்து முறை போதும்.

ஐஸ், வெந்நீர், மாத்திரை

ஐஸா வெந்நீரா என்ற சண்டையில் ஜெயிப்பவர் யாரும் இல்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் கிட்டத்தட்ட ஒரே அளவு நிவாரணம், அதுவும் கொஞ்சம்தான். எது சுகமாக இருக்கிறதோ அதை 15, 20 நிமிடம் துணி சுற்றி வையுங்கள். தைலம் தேய்ப்பதும் இதே கணக்கு, ஆனால் தைலம் தேய்த்த இடத்தில் உடனே வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், தோல் புண்ணாகும்.

மாத்திரை என்றால் ஐபுப்ரோஃபென் வகை வலியைக் குறைக்கும், வயிற்றையும் சிறுநீரகத்தையும் ரத்த அழுத்தத்தையும் பதம் பார்க்கும். அல்சர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் போடக் கூடாது. தசை தளர்த்தி மாத்திரை பிடிப்பைவிட ஆளைத்தான் அதிகம் தளர்த்தும், போட்டுவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். "ஸ்ட்ராங்கா ஒண்ணு எழுதிக் கொடுங்க" என்று ஓபியாய்டு, அதாவது அபின் வகை வலி மருந்து, கேட்பவர்களுக்காக ஒன்று. 2023இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், புதிதாக வந்த முதுகு, கழுத்து வலிக்கு ஆறு வாரம் வரை அதைக் கொடுத்தும் மருந்தில்லாப் போலி மாத்திரையைவிட எந்த நன்மையும் தெரியவில்லை.

சொடக்கா, பயிற்சியா

உண்மையான போட்டி இதுதான். சொடக்கு எடுக்கும்போது வரும் அந்தச் சத்தம், விலகிய எலும்பு இடத்தில் உட்காரும் சத்தம் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகும் சத்தம். ஆனாலும் பயிற்சி பெற்றவர் செய்தால் பலன் இருக்கிறது, மறுக்க முடியாது. 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சில வாரங்களாகக் கழுத்து வலி இருந்த 272 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மருந்து, ஒரு குழுவுக்கு 12 வாரம் கையால் செய்யும் முதுகெலும்பு சிகிச்சை, இன்னொரு குழுவுக்கு ஒரு மணி நேரம் வீதம் இரண்டே அமர்வுகளில் சொல்லிக்கொடுத்த வீட்டுப் பயிற்சி. கை சிகிச்சை மருந்தை ஜெயித்தது. ஆனால் வீட்டுப் பயிற்சியை ஜெயிக்கவில்லை, இரண்டும் ஏறக்குறைய சமம்.

சமம் என்றால் என் ஓட்டு பயிற்சிக்குத்தான், காரணம் காசு இல்லை. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் பக்கவாட்டு ஓட்டைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது, மிக அபூர்வமாக, அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. அபூர்வம்தான். ஆனால் அதே பலன் அந்த ஆபத்து இல்லாமல் கிடைக்கும்போது எதற்கு? முடி வெட்டிய கையோடு இலவசமாக வரும் சொடக்குக்கு நான் இப்போது தலையைக் கொடுப்பதில்லை. மசாஜ் வேறு விஷயம். ஒரு மணி நேரம் வீதம் வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை செய்தால் கேட்கிறது. நிறுத்தியதும் பலன் மெல்லக் கரைகிறது.

பயிற்சி என்றதும் மலைக்க வேண்டாம். டென்மார்க்கில் அலுவலக வேலை பார்க்கும் 198 பேரிடம் செய்த ஆய்வில் (2011), ரப்பர் பட்டையை மிதித்துக்கொண்டு கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி இறக்கும் ஒரே பயிற்சி. வாரத்துக்கு ஐந்து நாள், பத்து வாரம். ஒரு குழு தினம் 12 நிமிடம், ஒரு குழு 2 நிமிடம். இரண்டு நிமிடக் குழுவுக்கும் வலி நன்றாகவே குறைந்தது. இதோடு நான் சேர்த்துக்கொண்டது தாடை இழுப்பு. நேராக உட்கார்ந்து, தலையைக் குனியாமல், இரட்டைத் தாடை விழும் அளவுக்குத் தாடையைப் பின்னால் இழுத்து ஐந்து எண்ணிவிட்டு விட வேண்டும். பிடரிக்குக் கீழே மெல்லிய இழுவை தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், யாரும் இல்லாதபோது செய்யுங்கள். பிடிப்பு உச்சத்தில் இருக்கும் முதல் இரண்டு நாளில் பட்டைப் பயிற்சி வேண்டாம், மெல்லத் திருப்புவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தலையணையைப் பற்றிக் கேட்பீர்கள். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோள் அகலத்துக்கு ஈடுகொடுக்கும் தடிமன் வேண்டும், மல்லாந்து படுப்பவருக்கு அதைவிட மெல்லியது. குப்புறப் படுத்தால் எந்தத் தலையணையும் காப்பாற்றாது. போனைக் குனிந்து பார்த்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் என்று சுற்றும் படம், 2014இல் ஒரு கணினி மாதிரியில் போட்ட கணக்கு, யார் கழுத்திலும் தராசு வைத்து அளந்ததல்ல. குனிவதைவிட, அரை மணி நேரம் ஒரே நிலையில் உறைவதுதான் பகை.

இத்தனை ஒப்பீடும் பொருந்தாத சில சமயங்கள் உண்டு. கையில் பலம் குறைவது, சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுவது, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது, விழுந்தோ மோதியோ வந்த வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, இதுவரை கண்டிராத கடும் வலியோடு தலைசுற்றலோ வாய் குழறலோ, நெஞ்சிலிருந்து தாடைக்கும் கழுத்துக்கும் ஏறும் வலி. இதில் எது இருந்தாலும் ஒத்தடம், பட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அன்றைக்கே மருத்துவமனை.

என் ரப்பர் பட்டை நாற்காலியின் கைப்பிடியில் தொங்குகிறது. அலமாரியில் வைத்த வாரங்களில் நான் அதைத் தொட்டதே இல்லை.