ஃப்ரீபிஎஸ்டி போர்ட்ஸும் பிகேஜியும்: சர்வருக்குத் தாராளமாக, மேசைக் கணினிக்கு யோசித்து

சர்வரை ஒருமுறை அமைத்துவிட்டால் அப்புறம் அது பாட்டுக்கு ஓட வேண்டும் என்று நினைப்பவரா? ஃப்ரீபிஎஸ்டி என்ற இலவச இயங்குதளத்தில் மென்பொருளை இறக்கி ஏற்றித் தரும் கருவியான பிகேஜியை எடுத்துக்கொள்ளலாம். மேசைக் கணினியில் பிரவுசர், கேடிஇ டெஸ்க்டாப், கிராபிக்ஸ் டிரைவர் எல்லாம் எப்போதும் புதிதாகவே இருக்க வேண்டும் என்பவர் கொஞ்சம் யோசித்துவிட்டு வரவும். இரண்டு விதமாகவும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

லினக்ஸிலிருந்து வருபவர்களுக்கு முதலில் பழக வேண்டியது, இங்கே இயங்குதளம் வேறு, அதன் மேல் நாம் ஏற்றும் மென்பொருள் வேறு என்பது. மையப்பகுதியான கெர்னல், கட்டளைகளை வாங்கும் ஷெல், தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் எல்லாம் பேஸ், அதாவது இயங்குதளம். என்ஜின்எக்ஸ் வெப் சர்வர், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், பைத்தான், ஏன் பாஷ் என்ற ஷெல்கூட வெளியிலிருந்து வருபவைதான். அவை அத்தனையும் யூஎஸ்ஆர் லோக்கல் கோப்புறைக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன, அவற்றின் கான்ஃபிக் கோப்புகளும் அதற்குள்ளேயே தனி ஈடிசியில் கிடக்கும். ஏற்றியதை எல்லாம் துடைத்துவிட்டாலும் மெஷின் பூட் ஆகும், உள்ளே நுழையலாம், திரும்ப ஏற்றலாம். நடுராத்திரி அப்டேட் சொதப்பும்போது இதன் அருமை தெரியும். (15-ஆம் பதிப்பில் பேஸையே பேக்கேஜ்களாக நிறுவும் வழியும் வந்துவிட்டது, அப்படி நிறுவியவர்கள் 'எல்லாவற்றையும் நீக்கு' கட்டளையைப் பழைய தைரியத்தில் அடிக்க வேண்டாம்.)

இப்படி வெளியிலிருந்து வரும் மென்பொருளைக் கட்டி ஏற்றுவதற்கான குறிப்புகளின் தொகுப்புதான் போர்ட்ஸ், 1994-இல் ஃப்ரீபிஎஸ்டியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜோர்டன் ஹப்பர்ட் தொடங்கி வைத்தது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் எப்படிக் கட்டுவது என்று சொல்லும் ஒரு மேக்ஃபைல், மூலக்கோப்பு சரியானதுதானா என்று பார்க்க ஒரு செக்சம் கோப்பு, சின்ன விளக்கம், அவ்வளவுதான் ஒரு போர்ட். இன்று 30 ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. முன்பெல்லாம் இதை வைத்து மூலக்கோப்பை நம் மெஷினிலேயே கம்பைல் செய்வார்கள், அதாவது ஓடும் நிரலாக மாற்றுவார்கள், பெரிய பிரவுசர் என்றால் லேப்டாப் விசிறி அலறும். 10-ஆம் பதிப்பிலிருந்து புதிய பிகேஜி வந்த பிறகு பெரும்பாலோர் ரெடிமேட் பேக்கேஜ்தான் இறக்குகிறார்கள். வேகத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இந்த ரெடிமேட் பேக்கேஜ்களில் இரண்டு வரிசை உண்டு. குவார்ட்டர்லி என்பது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் போர்ட்ஸ் தொகுப்பிலிருந்து பிரித்தெடுத்து, அதன் பிறகு முக்கியமாகப் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் சேர்ப்பது. லேட்டஸ்ட் என்பது பெயருக்கேற்றபடி. ரிலீஸ் பதிப்புகளில் தானாக வருவது குவார்ட்டர்லி, சர்வருக்கு அதையே விட்டுவிடுங்கள். குவார்ட்டர்லி பேக்கேஜை ஏற்றிவிட்டு, கிட் (மூலநிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) வழியாகப் புதிய போர்ட்ஸ் மரத்தை, அதாவது முழுத் தொகுப்பை, இறக்கி, நடுவில் ஒன்றிரண்டை மட்டும் கையால் கம்பைல் செய்து கலக்குகிறார்களே, அங்கேதான் லைப்ரரி பதிப்பு ஒத்துப்போகாமல் பாதிப் புலம்பல் கிளம்புகிறது.

சரி, குறைக்கு வருவோம். ஏதோ ஒரு போர்ட் அதிகாரப்பூர்வ பில்ட் மெஷின்களில் கம்பைல் ஆகவில்லை என்றால் அந்தச் சுற்றில் அந்த பேக்கேஜ் களஞ்சியத்தில் இருக்காது. அந்த நேரம் பார்த்து நீங்கள் அப்கிரேடு கொடுத்தால், மற்றவற்றைப் புதுப்பிப்பதற்காக உங்களிடம் இருப்பதை நீக்கிவிடலாமா என்று பிகேஜி சாவகாசமாகக் கேட்கும்! நீக்கப்போகும் பட்டியலைத் தெளிவாகத்தான் காட்டுகிறது, ஆனால் நூறு வரிக்கு மேலே போய்விட்ட பட்டியலை யார் படிப்பது? படிக்க வேண்டும். பட்டியலில் உங்கள் டெஸ்க்டாப் இருந்தால் வேண்டாம் என்பதற்கான 'என்' (N) எழுத்தை அடித்துவிட்டுச் சில நாள் கழித்து வாருங்கள். கிராபிக்ஸ் டிரைவர் போன்ற கெர்னல் மாட்யூல்களும் இப்படித்தான், பழைய துணைப்பதிப்புக்காகக் கட்டியது புதியதில் ஏறாமல் திரை கறுப்பாகவே நிற்கும். இதற்கென்று இப்போது தனிக் களஞ்சியம் வைத்துவிட்டார்கள், தாமதமாக வந்தாலும் நல்ல வேலை.

எனக்கு மிகவும் பிடித்தது, யாரும் அதிகம் பேசாத அப்டேட்டிங் என்ற கோப்பு. போர்ட்ஸ் மரத்தின் உச்சியிலேயே இருக்கும். எந்தத் தேதியில் எது மாறியது, பெர்ல் பதிப்பு மாறினால் என்ன கட்டளை கொடுக்க வேண்டும் என்று பாதிக்கப்படுபவர் யார் என்பதோடு எழுதி வைத்திருக்கிறார்கள். அப்புறம் பிகேஜி ஆடிட், ஏற்றியிருப்பவற்றில் எதில் பாதுகாப்பு ஓட்டை தெரியவந்திருக்கிறது என்று சொல்லிவிடும்.

தனக்கு வேண்டிய ஆப்ஷனோடு பேக்கேஜ் வேண்டும் என்பவருக்கு பூட்ரியேர் இருக்கிறது. ஒவ்வொரு போர்ட்டையும் சுத்தமான ஜெயிலுக்குள் (மற்றவற்றிலிருந்து தனிமைப்படுத்திய சூழலுக்குள்) கட்டி, உங்களுக்கே ஒரு களஞ்சியம் செய்து கொடுக்கும். நாலைந்து சர்வர் வைத்திருந்தால் இதற்குச் செலவழிக்கும் நேரம் வீண் இல்லை, ஒரே ஒரு மெஷினுக்கு இது அதிகம்.

இவ்வளவும் பெரும்பாலும் சம்பளமில்லாத ஆட்கள் பார்க்கும் வேலை, எனவே தரமும் ஆளுக்கு ஆள் மாறும். முக்கியமான ஒன்றை இதை நம்பி ஓட்டுவதற்கு முன் அந்த மேக்ஃபைலில் மெயின்டெய்னர் (பராமரிப்பவர்) வரியைப் பாருங்கள். அதில் போர்ட்ஸ் குழுவின் பொது முகவரி இருந்தால் அதற்குச் சொந்தமாக ஆள் இல்லை என்று அர்த்தம். அப்போது பக்ஜில்லா என்ற பிழைப்பதிவுத் தளத்தில் நீங்களே பேட்ச் (திருத்தம்) போடலாம், பராமரிப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆள் இருந்தும் இரண்டு வாரம் பதில் வரவில்லை என்றால் கமிட் உரிமை (போர்ட்ஸ் மரத்தில் நேரடியாக மாற்றம் சேர்க்கும் உரிமை) உள்ள வேறொருவர் அந்தத் திருத்தத்தைச் சேர்க்க விதி இடம் கொடுக்கிறது.