கையும் கயிறும்: வாட்ச்மென்னை நீட்டியவர்கள்

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சியைச் சுற்றிவிட்டு வெளியே வந்தால், எங்கள் கூட்டத்துக்கு டீயும் சண்டையும் கட்டாயம். இந்த முறை சண்டையைத் தொடங்கி வைத்தவன் கூட்டத்திலேயே சின்னவன். வாட்ச்மென் காமிக்ஸை மூன்றே ராத்திரியில் முடித்துவிட்டு வந்திருந்தான். "அண்ணே, இதுக்கப்புறம் வந்ததுல எதை வாங்கலாம்?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் மூத்தவர், லயன்-முத்து காமிக்ஸ் காலத்து ஆள், "எதையும் வாங்காத தம்பி. முடிஞ்ச கதை முடிஞ்சதுதான்" என்று டம்ளரை ணங்கென்று வைத்தார். அன்று நான் யார் பக்கமும் பேசவில்லை. எல்லாவற்றையும் மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு இப்போது பேசுகிறேன். முடிவுகளைப் போட்டு உடைக்கப்போகிறேன், அதனால் மூலத்தைப் படிக்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

ஆலன் மூர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைய, 1986-87இல் டிசி நிறுவனம் 12 இதழ்களாக வெளியிட்ட கதை அது. (மூர் மார்க்கெட் எரிந்தது 1985 மே மாதம், இந்த மூர் வந்தது அடுத்த வருடம். சம்பந்தமே இல்லை. ஆனால் அல்லிக்குளம் கடைகளில் பழைய காமிக்ஸ் தோண்டியவர்கள் இந்த ஜோக்கைச் சொல்லாமல் விடமாட்டார்கள்.)

அதன் கடைசிப் பக்கத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் ஒரு மட்டரகப் பத்திரிகை அலுவலகம், பக்கத்தை நிரப்ப மேட்டர் இல்லை. சீமோர் என்ற எடுபிடிப் பையன் பர்கர் தின்கிறான். அவன் பனியனில் இருக்கும் மஞ்சள் சிரிப்பு முகத்தின் மேல் சாஸ் சொட்டியிருக்கிறது. முதல் பக்கத்தில் அதே மாதிரி முகத்தின் மேல் ரத்தம் இருந்தது. கிறுக்கர்கள் அனுப்பியவை என்று ஒதுக்கிய குவியலில் ரோர்ஷாக் என்ற முகமூடித் துப்பறிவாளனின் டைரி கிடக்கிறது. அதை அச்சில் ஏற்றினால், லட்சக்கணக்கான பிணங்களின் மேல் கட்டிய சமாதானம் கலைந்துபோகும். பையனின் கை குவியலை நோக்கி நீளுகிறது. எதை வேண்டுமானாலும் எடு, உன் பொறுப்பு என்கிறார் ஆசிரியர். அதோடு கதை முடிந்தது.

இன்னொன்று கயிறு. இந்தக் கதை உலகத்தில் 1938இல் முதன்முதலாக முகமூடி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியவன் பெயர் ஹூடட் ஜஸ்டிஸ். கழுத்தில் தூக்குக் கயிறு தொங்கும். ஏன் என்று மூர் சொல்லவில்லை. ஆள் யார் என்பதும் ஊகம்தான்: ஒரு சர்க்கஸ் பலசாலியாக இருக்கலாம் என்று விட்டுவிடுகிறார். பின்னால் வந்தவர்களை இந்தக் கையையும் கயிறையும் வைத்துத்தான் அளக்கப்போகிறேன்.

அதற்கு முன் மூத்தவரின் கோபத்துக்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டும். புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை மூருக்கும் கிப்பன்ஸுக்கும் திரும்பும் என்பது ஒப்பந்தம். காமிக்ஸ் தொகுப்புகள் வருடக்கணக்கில் அச்சில் இருக்காத காலம் அது. சீக்கிரம் கைக்கு வந்துவிடும் என்று நம்பினார்கள். டிசி அதை அச்சிலிருந்து விடவே இல்லை. முன்கதைக்கும் தொடர்ச்சிக்கும் தலையாட்டினால் உரிமையைத் தருகிறோம் என்று தூது வந்ததாகவும், வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் மூரே 2010இல் பேட்டி கொடுத்தார். அதனால் 2012இல் முன்கதைகள் அறிவிப்பு வந்தபோது பலருக்குக் கதையைவிட மூர்மேல் இழைத்த துரோகம்தான் பெரிதாகத் தெரிந்தது.

சின்னவனும் லேசுப்பட்டவன் இல்லை. "ரோர்ஷாக்கே சார்ல்டன் காமிக்ஸோட க்வெஸ்ச்சன்ங்கிற பாத்திரத்தை மாத்தி வச்சதுதானே? அடுத்தவங்க பாத்திரத்துல மூர் கை வைக்கலையா?" என்றான். உண்மைதான். மூர் அமெரிக்காவில் பெயர் வாங்கியதே லென் வீனும் பெர்னி ரைட்சனும் உருவாக்கிய ஸ்வாம்ப் திங்கை எடுத்து எழுதித்தான். அதே லென் வீன் வாட்ச்மென்னுக்கு எடிட்டராக இருந்து, பிற்பாடு அதன் முன்கதையில் ஒன்றையும் எழுதினார். இவ்வளவு பேசும் மூத்தவர் வீட்டு பீரோவில் பொன்னியின் செல்வனுக்குப் பக்கத்தில் அதன் தொடர்ச்சியாக விக்கிரமன் எழுதிய நந்திபுரத்து நாயகி இருக்கிறது. ரத்தப் படலம் (XIII) காமிக்ஸ் தொடரை எழுதிய வான் ஹாம் 19 பாகத்தோடு நிறுத்திய பிறகு, 2011 முதல் வேறு ஆட்கள் எழுதி வரைந்த பாகங்களையும் விடாமல் சேர்த்து வைத்திருக்கிறார். கேட்டால், "அது ஓடுற வண்டிப்பா, யார் ஓட்டினா என்ன? இது கட்டி முடிச்ச வீடு" என்கிறார். சரி, வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம்.

பிஃபோர் வாட்ச்மென் (2012-13): ஆளுக்கொரு குறுந்தொடராக மொத்தம் 37 இதழ்கள். பெரும்பாலானவை சாப்பிட்டு மடித்த இலையை விரித்து மறுபடி சோறு போடும் வேலை. படம் எல்லாம் பிரமாதம், குறிப்பாக லீ பெர்மேஹோவும் ஆடம் ஹியூஸும் வரைந்தவை. ஆனால் மூர் நாலு கட்டத்தில் சொன்னதை நாலு இதழுக்கு இழுத்திருக்கிறார்கள். தேறுவது டார்வின் குக் எழுதி வரைந்த மினிட்மென் ஒன்றுதான். குக்குக்கு அக்கறை கயிற்றில் இல்லை, அதைப் போட்டவனின் முடிவில். பழைய முகமூடி வீரர் ஹாலிஸ் மேசன் தப்பான ஆளைக் கொன்றுவிட்டு, அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு வயதாகிறார். மூலத்தில் கார் ரிப்பேர் பார்த்துக்கொண்டு பழங்கதை பேசும் அந்த நல்ல மனிதரை இதற்குப் பிறகு அதே கண்ணோடு பார்க்க முடியவில்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறதா என்று இன்னும் தெரியவில்லை.

டூம்ஸ்டே கிளாக் (2017-19): ஜெஃப் ஜான்ஸ், கேரி ஃபிராங்க். இது நேரடித் தொடர்ச்சி. கை டைரியை எடுத்துவிட்டது, அச்சாகிவிட்டது, 1992இல் உலகம் மறுபடி அழிவின் விளிம்பில். அப்புறம் மூலக் கதையின் அதிசக்தி மனிதர் டாக்டர் மன்ஹாட்டனைத் தேடி சூப்பர்மேன், பேட்மேன் உலகத்துக்குப் போகிறார்கள். இரும்புக்கை மாயாவி கௌபாய் டெக்ஸ் வில்லரின் அரிசோனாவில் போய் இறங்கினால் எப்படி இருக்கும்? அப்படித்தான். மூலத்தின் ஒன்பது கட்டப் பக்க அமைப்பை அப்படியே பிடித்திருக்கிறார்கள், ஆனால் அது மூருக்கும் கிப்பன்ஸுக்கும் கடிகார முள் மாதிரி வேலை செய்தது. இங்கே வெறும் சீருடை. 12 இதழ் முடிய இரண்டு வருடத்துக்கு மேல் ஆனதில் பலர் பாதியில் கழன்றுகொண்டார்கள். சூப்பர்மேன் ரசிகராக இருந்தால் கடைசி இதழ் தொண்டையை அடைக்கும், அதை மறுக்கமாட்டேன். ஆனால் அது சூப்பர்மேன் கதை.

தொலைக்காட்சித் தொடர் (2019) காமிக்ஸ் இல்லை, ஆனாலும் இதை விட்டுவிட்டுப் பேச முடியாது. டேமன் லிண்டலாஃப் எச்பிஓ சேனலுக்காக எடுத்த ஒன்பது பகுதிகள். இதிலும் டைரி அச்சாகிவிட்டது. படித்தவர்களில் ஒரு கும்பல் ரோர்ஷாக் முகமூடியை மாட்டிக்கொண்டு இனவெறியர்களாகத் திரிகிறது. தொடர் ஆரம்பிப்பதே 1921இல் துல்சா நகரில் கறுப்பின மக்கள் கொன்று குவிக்கப்பட்டதிலிருந்து. ஆறாவது பகுதியில் கயிற்றுக்குப் பதில் வருகிறது. கறுப்பினப் போலீஸ்காரர் ஒருவரைச் சக போலீஸ்காரர்களே தலையில் துணியைக் கவிழ்த்து மரத்தில் தூக்குகிறார்கள், சாவதற்குச் சற்று முன் அறுத்து விடுகிறார்கள். கழுத்துக் கயிற்றோடும் கையில் அந்தத் துணியோடும் இருட்டில் தள்ளாடி நடக்கிறார். ஒரு தம்பதியை ரவுடிகள் அடிப்பது காதில் விழ, துணியை மறுபடி தலையில் மாட்டிக்கொண்டு பாய்கிறார். முப்பது வருடமாகப் படத்தில் பார்த்துக்கொண்டிருந்த கயிறு. நான் பார்ப்பதை நிறுத்திவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

ரசிகர்களில் ஒரு பகுதிக்கு இது ஆகவில்லை. மூலத்தில் ஹூடட் ஜஸ்டிஸ் ஹிட்லரை ஆதரித்துப் பேசியதாக ஹாலிஸ் மேசன் எழுதியிருக்கிறாரே, அது எப்படிப் பொருந்தும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் முகமூடிக்குள் இருப்பவனைப் பற்றி மற்றவர்கள் எழுதுவதை நம்பாதே என்பதுதானே மூலமே சொல்வது. குக் அதே புதிரை எடுத்து ஒரு துயரக் கதை செய்தார். இவர்கள் மூலத்தையே வேறு வெளிச்சத்தில் திருப்பி வைத்துவிட்டார்கள்.

ரோர்ஷாக் (2020-21): டாம் கிங், ஹோர்ஹே ஃபோர்னெஸ், 12 இதழ்கள். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், பழைய ரோர்ஷாக் இதில் வருவதில்லை. முகமூடி போட்ட ஒரு கிழவரும் ஒரு இளம் பெண்ணும் ஜனாதிபதி வேட்பாளரைச் சுட முயன்று செத்துப்போகிறார்கள். பெயரே சொல்லப்படாத ஒரு துப்பறிவாளர் ஏன் என்று தேடிப் போகிறார். அந்தக் கிழவர் ஒரு காமிக்ஸ் ஓவியர். மூலத்தின் பாத்திரங்களைத் தொடாமல், அந்தக் கதை படித்தவர்களின் மண்டைக்குள் என்ன செய்யும் என்று மட்டும் பார்க்கிறது. நடு இதழ்கள் இழுக்கின்றன, நான் ஒரு முறை மூடி வைத்துவிட்டேன். ஆனாலும் காமிக்ஸாக வந்ததில் என் ஓட்டு இதற்குத்தான்.

பிற்பாடு சின்னவனிடம் சொன்னது இதுதான்: முதலில் தொடரைப் பார், அப்புறம் ரோர்ஷாக், காசு மிஞ்சினால் மினிட்மென். டூம்ஸ்டே கிளாக்கை யாரிடமாவது இரவல் வாங்கு. அவன் தலையாட்டிவிட்டு நேராக டூம்ஸ்டே கிளாக்கைத்தான் வாங்கினான், அட்டை நன்றாக இருந்ததாம்.

மூத்தவர் சொன்ன சொல் மாறவில்லை, எதையும் வாங்கவில்லை. இரவல் வாங்கினால் டிசிக்குப் பைசா போகாது என்ற கணக்கில் என் ரோர்ஷாக் பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு போனார். இரண்டு வாரமாகிறது, இன்னும் திரும்பி வரவில்லை.